பழைய பொம்மைக் காருக்குப் புது உயிர்



இப்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இந்தக் குரல் கம்பி வழியாக வரவில்லை. நிலையத்தின் உயர்ந்த கோபுரத்திலிருந்து கிளம்பி, ரப்பர் மரங்களையும் செம்பனை மரங்களையும் கடந்து, உங்கள் வீட்டு வானொலிப் பெட்டிக்குள் வந்து சேருகிறது. இதே வானலையைக் கொண்டு ஒரு சின்னஞ்சிறு காரை முன்னும் பின்னும் ஓட்டலாம். இடமும் வலமும் திருப்பலாம். ‘ரிமோட் கார்’ என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, அதுதான். இன்று அந்தக் கார்களைப் பற்றிப் பேசப் போகிறோம். கடையில் பளபளக்கும் புதிய கார்களைப் பற்றி அல்ல. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டு, ஓடாமல் கிடந்து, யாரோ வேண்டாம் என்று போட்டுவிட்ட கார்களைப் பற்றி.

‘விளையாட்டுச் சாமானுக்கு ஒரு பேச்சா?’ என்று தாய்மார்கள் சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. முதலில் எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் அண்ணன் தம்பி இருவர். ஜொகூர் மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள். நாங்கள் தமிழ்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், அப்பா மரம் வெட்டிச் சேர்த்த காசில் ஒரு டிரான்சிஸ்டர் வானொலி வாங்கினார். அதற்குள் பாடுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க எங்களுக்கு ஆசை. அப்பா வேலைக்காட்டுக்குப் போன நேரம் பார்த்து, கத்தி முனையால் திருகாணிகளைக் கழற்றினோம். கழற்றத் தெரிந்தது, மாட்டத் தெரியவில்லை. அன்று மாலை இருவருக்கும் முதுகு வீங்கியது. அப்பாவைக் குறை சொல்லவில்லை. அது அவருடைய பல மாதச் சேமிப்பு. ஆனால் அன்றோடு எங்கள் கை சுருங்கிவிட்டது. பின்னர் பிழைப்புக்காகச் சிங்கப்பூருக்கு வந்து, குடும்பஸ்தர்களான பிறகும், மின்விசிறி நின்றால்கூட ஆளைக் கூப்பிடுவோமே தவிர, நாங்கள் தொட மாட்டோம்.

அந்தக் கையை மறுபடியும் திறந்துவிட்டது ஒரு பழைய பொம்மைக் கார்.

சிங்கப்பூருக்கு வந்தவர்களுக்குத் தேக்காவைத் தெரியும். சிராங்கூன் சாலையில் மளிகை, பூ, நகைக்கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்து, ஜாலான் புசார் பக்கம் திரும்பினால், ரோச்சோர் கால்வாயை ஒட்டிச் சுங்கை ரோடு வரும். அங்கே 1930களிலிருந்து ஒரு பழம்பொருள் சந்தை இருந்தது. ‘திருட்டுச் சந்தை’ என்று ஊரார் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். சாலையோரத்தில் தார்ப்பாய் விரித்து, பழைய கடிகாரம், காலணி, தொலைபேசி, ஒற்றை ஸ்பானர் எல்லாம் பரப்பியிருப்பார்கள். 2011ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேக்காவில் சாப்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் போனோம். ஒரு சீனப் பெரியவரின் தார்ப்பாயில், சேறு உலர்ந்து, டயர் வெடித்து, வெள்ளை உடல் மஞ்சளாகி ஒரு கார் கிடந்தது. பக்கத்தில் நீண்ட ஏரியலுடன் அதன் கைக்கருவி. தம்பி பேரம் பேசிப் பத்து வெள்ளிக்கு வாங்கிவிட்டான். பத்து வெள்ளிப் பொருள் கெட்டால் அடிக்க யாரும் வரமாட்டார்கள் அல்லவா?

அது ஜப்பானின் தமியா நிறுவனம் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கிராஸ்ஹாப்பர்’ என்னும் கார். தமிழில் சொன்னால் வெட்டுக்கிளி. உண்மையான காரின் பத்தில் ஒரு பங்கு அளவு. அது முழுக் காராகக் கடையில் விற்கப்பட்டதல்ல. பெட்டிக்குள் உதிரிப் பாகங்களும் படம் போட்ட ஒரு விளக்கப் புத்தகமும் இருக்கும். வாங்குகிறவரே ஒவ்வொன்றாகப் பூட்டிக் காரை உண்டாக்க வேண்டும். பூட்டிச் செய்த பொருள் என்பதால் மறுபடியும் கழற்றலாம். பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம். இந்தக் கார்கள் இன்றைக்கும் பிழைத்திருப்பதற்கு இதுவே முதற்காரணம். ஒட்டி மூடிய பொருளாக இருந்திருந்தால் என்றோ குப்பைக்குப் போயிருக்கும்.

தமியா நிறுவனத்தின் வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் உண்டு. யோஷியோ தமியா என்பவர் 1946ஆம் ஆண்டு ஷிசுவோகா நகரில் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கியது அது. பிறகு மரப் பொம்மைகள் செய்தார்கள். அதன் பிறகு பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு மாறினார்கள். போர்ஷே காரை மாதிரியாகச் செய்ய நினைத்தபோது, உண்மையான போர்ஷே கார் ஒன்றையே விலை கொடுத்து வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார்கள். அப்படிக் கற்றுக்கொண்டு செய்த மாதிரியிலிருந்துதான் 1976ஆம் ஆண்டு அவர்களுடைய முதல் ரிமோட் கார் பிறந்தது. கழற்றிப் பார்த்ததற்காக நாங்கள் அடி வாங்கினோம்; அவர்கள் அதையே ஒரு தொழிலாக வளர்த்துக்கொண்டார்கள்.

சரி, காருக்குள் என்ன இருக்கிறது? கைக்கருவியில் இரண்டு குச்சிகள் இருக்கும். ஒன்று வேகத்துக்கு, மற்றொன்று திருப்பத்துக்கு. குச்சியின் நிலைக்கு ஏற்ப, வினாடிக்குச் சுமார் 50 முறை சிறு துடிப்புகள் வானலையில் ஏறிப் போகும். காரிலுள்ள வாங்கி அவற்றைப் பெற்று, ‘செர்வோ’ என்னும் சிறு பெட்டிக்குக் கொடுக்கும். செர்வோவுக்குள் ஒரு குட்டி மோட்டாரும் பல்சக்கரங்களும் உண்டு. துடிப்பு நீண்டால் ஒரு பக்கம், குறுகினால் மறுபக்கம் என்று அது கையை நீட்டிச் சக்கரத்தைத் திருப்பும்.

பழைய கார்கள் பெரும்பாலும் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கின. ஒரே இடத்தில் இரண்டு பேர் ஒரே அலையில் ஓட்டினால், ஒருவர் திருப்ப மற்றவர் கார் திரும்பிவிடும். அதனால் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஆறு நிறம் குறித்த கிரிஸ்டல்களை வைத்துக்கொண்டு, ‘நீ சிவப்பு, நான் பச்சை’ என்று பேசி ஓட்டினார்கள். இக்காலக் கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் தாமாகவே ஒன்றையொன்று அறிந்து இணைந்துகொள்கின்றன.

காரை ஓட்டும் மோட்டார் மிக வேகமாகச் சுழலும். ஆனால் அதற்கு வலிமை குறைவு. மோட்டாரின் சிறிய பல்சக்கரம் ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும்போது வேகம் குறைந்து விசை கூடுகிறது. பின்னால் ‘டிஃபரன்ஷியல்’ என்னும் பல்சக்கரக் கூட்டம் ஒன்று உண்டு. கோயில் ஊர்வலம் தெருமுனையில் திரும்பும்போது பாருங்கள். உள்பக்கம் நடப்பவர் நின்ற இடத்திலேயே அடி வைப்பார். வெளிப்பக்கம் நடப்பவர் எட்டி நடந்தால்தான் வரிசை கலையாது. காரின் பின்சக்கரங்களும் அப்படித்தான். வெளிச்சக்கரம் கூடுதலாகச் சுற்ற இந்தப் பாகம் இடம் கொடுக்கிறது. தோட்டத்து லாரியிலும் இதே ஏற்பாடுதான் பெரிய அளவில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நாங்கள் அவசரப்படவில்லை. பதறாத காரியம் சிதறாது என்பது சிறுவயதில் வலித்துக் கற்ற பாடம். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு தாளில் படம் வரைந்தோம். முட்டை அடுக்கும் அட்டையை எடுத்து, குழிக்கு ஓர் எண் போட்டு, கழற்றிய வரிசையிலேயே திருகாணிகளைப் போட்டோம். மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி வந்தால் போதும். பிளாஸ்டிக் பாகங்களை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்தோம். பெட்ரோல், தின்னர் போன்றவற்றால் பிளாஸ்டிக்கைத் துடைக்கக் கூடாது. இளகிப்போகும் அல்லது வெடித்துவிடும்.

கைக்கருவிக்குள் யாரோ விட்டுவைத்த டார்ச் பேட்டரிகள் கசிந்து, தகடுகளில் உப்புப் பூத்திருந்தது. அவை அல்கலைன் வகை. அந்தக் கசிவு காரத்தன்மை உடையது. பஞ்சில் சிறிது வினிகர் தொட்டுத் துடைத்தால் அடங்கும். பிறகு ஈரமில்லாமல் உலர்த்த வேண்டும். கசிந்த பேட்டரியை வெறுங்கையால் தொடாதீர்கள். உங்கள் வீட்டு டார்ச் லைட்டையும் வானொலியையும் நெடுநாள் பயன்படுத்தாமல் வைப்பதானால், பேட்டரியை எடுத்துவிட்டு வையுங்கள். இந்த ஒரு பழக்கம் எத்தனையோ கருவிகளைக் காப்பாற்றும்.

அடுத்து டயர். இதைப் பற்றி உங்களிடம் பேச எங்களுக்குத் தனி மகிழ்ச்சி. ரப்பர் உங்கள் பாட்டன், பாட்டி கையால் வந்த பொருள். 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர்ப் பூமலைக்கு ரப்பர்க் கன்றுகள் வந்தன. 1888இல் அந்தத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை அங்கேதான் சோதித்து வகுத்தார். விடியற்காலையில் நம் மக்கள் கத்தியோடு நிரைக்குப் போன வாழ்க்கைக்கு அதுவே தொடக்கம்.

பால் உறைந்த ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839ஆம் ஆண்டு அமெரிக்காவில் குட்இயர் என்பவர், அதோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும் என்று கண்டார். ரப்பர் என்பது மிக நீண்ட இழைகளின் சிக்கல். கந்தகம் அந்த இழைகளை இடையிடையே முடிச்சுப் போட்டு வைக்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் காற்றும் ஓசோனும் வெயிலும் பட்டால் இழைகள் அறுகின்றன. டயரில் வெடிப்பு விழுகிறது. எங்கள் காரின் டயருக்கு நேர்ந்ததும் அதுவே. மரத்துப் பாலில் செய்த ரப்பரோ, பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பரோ, முதுமை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அறுந்த இழையை எண்ணெய் பூசி ஒட்டவைக்க முடியாது. டயரைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். எதைச் சீர்செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்று பிரித்தறிவதும் இந்த வேலையில் ஒரு பாடம்.

நாங்கள் செய்த ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும். இத்தகைய பழைய காரில் மோட்டாருக்கு 7.2 வோல்ட் பேட்டரி. வாங்கிக்கு நான்கு டார்ச் பேட்டரிகள், அதாவது 6 வோல்ட். இரண்டு எதற்கு என்று எண்ணி, நாங்கள் இரண்டையும் ஒரே பேட்டரியில் இணைத்தோம். முழுதாக மின்னேற்றிய 7.2 வோல்ட் பேட்டரி, தொடக்கத்தில் 8 வோல்ட்டுக்கு மேலும் காட்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. சுவிட்சைப் போட்டதும் ஒரு நொடி சக்கரம் துடித்தது. அடுத்த நொடி புகை. இருபத்தேழு ஆண்டுகள் தாக்குப்பிடித்த வாங்கியை நாங்கள் ஒரு நொடியில் எரித்துவிட்டோம்.

அன்று இரவு அண்ணன் அந்தப் பெட்டியை மூடி வைத்துவிட்டான். ‘நமக்கு இது வராது’ என்றான். சிறுவயதில் வாங்கிய அடி, இத்தனை ஆண்டு கழித்தும் பேசியது. தம்பி விடவில்லை. மறுவாரம் எரிந்த வாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஜாலான் புசாரிலுள்ள சிம் லிம் டவருக்குப் போனோம். மின்னணு உதிரிப் பொருள்கள் விற்கும் கடைகள் நிறைந்த கட்டடம் அது. ஒரு கடைக்காரர் வாங்கியைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். எத்தனை வோல்ட் கொடுத்தீர்கள் என்று கேட்டார். பிறகு ஒரு மீட்டரை எங்கள் கையில் கொடுத்து, எதையும் இணைக்கும் முன் அளக்க வேண்டும் என்று காட்டினார். திட்டவில்லை. அந்த மீட்டரை வாங்கிக்கொண்டு வந்தோம். இன்றும் அது எங்களிடம் இருக்கிறது.

பழைய வாங்கிக்கு மாற்றுக் கிடைக்கவில்லை. அங்கேதான் எங்களுக்கு ஒரு கேள்வி வந்தது. பழைய காரை இருந்தபடியே மீட்பதா? புதிய பாகங்கள் போட்டு மாற்றி அமைப்பதா? இந்தக் கலையில் ஈடுபட்டவர்களிடையே எங்கும் உள்ள வழக்கு இது. பாட்டியின் அட்டிகையை அப்படியே வைத்திருப்பதா, உருக்கிப் புதுச் சங்கிலி செய்வதா என்று வீட்டில் பேச்சு வருமே, அதைப் போலத்தான். உருக்கினால் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பாட்டியின் அட்டிகை திரும்பி வராது.

நாங்கள் ஒரு நடுவழி கண்டோம். திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாத எதையும் செய்வதில்லை. உடலை அறுப்பதில்லை, சட்டத்தில் புதிய துளை போடுவதில்லை. கழற்றிய பழைய பாகங்களைப் பெயர் எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் வைக்கிறோம். இந்த விதிக்குள் நின்று மூன்று மாற்றங்கள் செய்தோம். முதலாவது, 2.4 கிகாஹெர்ட்ஸ் கைக்கருவியும் வாங்கியும். இரண்டாவது, சக்கர அச்சைத் தாங்கும் பிளாஸ்டிக் வளையங்களுக்குப் பதில் சிறு பால் பேரிங்குகள். அச்சு தேயாது, சக்கரம் இலகுவாகச் சுற்றும். மூன்றாவது, வேகக் கட்டுப்பாடு. பழைய முறையில், மெதுவாகப் போக வேண்டுமானால் மின்சாரத்தை ஒரு தடையின் வழியே விட்டுச் சூடாக வீணாக்குவார்கள். புதிய மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி, வினாடிக்குப் பல நூறு, ஆயிரம் முறை மின்சாரத்தைத் திறந்து மூடி அளந்து கொடுக்கிறது. வாங்கிக்குத் தேவையான குறைந்த வோல்ட்டையும் அதுவே தருகிறது. நாங்கள் எரித்த தவறுக்கும் அதிலேயே பரிகாரம் கிடைத்துவிட்டது.

பேட்டரியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இப்போது பரவலாக வரும் லித்தியம் பேட்டரி இலேசானது, வலிமையானது, ஆனால் பொல்லாதது. அதற்கென உள்ள மின்னேற்றிக் கருவியில்தான் ஏற்ற வேண்டும். அளவுக்கு மேல் வடியவிட்டாலோ, உடல் உப்பினாலோ, குத்துப்பட்டாலோ தீப்பிடிக்கும். அதைக் காக்கும் வசதி இல்லாத பழைய வேகக் கட்டுப்பாட்டோடு சேர்த்து ஓட்டக் கூடாது. ஆள் இல்லாத வீட்டிலும், தூங்கும் நேரத்திலும் மின்னேற்ற வேண்டாம். உப்பிய பேட்டரியைக் குப்பையில் எறியவும் கூடாது.

குப்பை என்றதும் சிங்கப்பூரின் கவலை ஒன்று நினைவுக்கு வருகிறது. அந்தச் சிறு தீவில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்னணுக் கழிவு சேருவதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் கணக்குச் சொல்கிறது. 1999இல் திறக்கப்பட்ட செமாக்காவ் நிரப்பு நிலம் 2035ஆம் ஆண்டு வாக்கில் நிரம்பிவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். 2021 ஜூலை முதல், பழைய மின்னணுப் பொருள்களைத் திரும்பப் பெற வழிசெய்யும் பொறுப்பைச் சட்டம் அவற்றைத் தயாரிப்போர், இறக்குமதி செய்வோர் மீதே சுமத்தியிருக்கிறது. 2014ஆம் ஆண்டு ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ என்றொரு முயற்சியும் தொடங்கியது. காப்பிக்கடையில் கூடுவது போலக் கூடி, பழுதான பொருளைக் கொண்டுவருபவருக்குத் தொண்டர்கள் உடனிருந்து சொல்லிக்கொடுத்து, அவர் கையாலேயே சீர்செய்ய வைக்கிறார்கள். செய்துகொடுப்பது வேறு, செய்யக் கற்றுக்கொடுப்பது வேறு அல்லவா?

சுங்கை ரோடு சந்தை இப்போது இல்லை. 2017 ஜூலை 10ஆம் நாள் அதை மூடிவிட்டார்கள். கடைசி நாள்களில் நாங்களும் போய் வந்தோம். எங்களுக்குக் கார் விற்ற பெரியவரை அங்கே காணவில்லை. சந்தை போனால் பாகங்களுக்கு எங்கே போவது என்று கலங்கினோம். ஆனால் தமியா நிறுவனமே தன் பழைய கார்கள் பலவற்றை மறுபடியும் வெளியிட்டு வருகிறது. எங்கள் வெட்டுக்கிளியும் அவற்றில் ஒன்று. அதனால் டயரும் பல்சக்கரமும் புதிதாகக் கிடைத்தன. எரிந்த வாங்கி மட்டும் பிஸ்கட் டின்னில் அப்படியே இருக்கிறது.

கார் ஓடிய நாளைச் சொல்லாமல் முடிக்க முடியாது. எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் பக்கத்துத் திடலில், ஒரு மாலை நேரம். தம்பியின் மகள் குச்சியைத் தள்ளினாள். வெட்டுக்கிளி பெயருக்கு ஏற்றாற்போல் புல்லில் துள்ளித் துள்ளி ஓடியது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதன் பிறகு எங்கள் வீட்டில் மின்விசிறி நின்றால், முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நாங்களே திறந்து பார்க்கிறோம். முடியாதபோதுதான் ஆளைக் கூப்பிடுகிறோம்.

தோட்டத்தில் வாழும் பெற்றோர்களே! உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். தோட்டம் நிலையானது அல்ல என்பதை நாம் கண்டிருக்கிறோம். எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டன. எத்தனையோ லயங்கள் இடிக்கப்பட்டன. அப்படிப் புறப்படும் நாளில் வீட்டை எடுத்துக்கொண்டு போக முடியாது. கையில் உள்ள தொழில் கூடவே வரும். பழைய பொம்மைக் காரைச் சீர்செய்யத் தெரிந்த பிள்ளைக்கு மோட்டார் தெரியும், பல்சக்கரம் தெரியும், வோல்ட் தெரியும். மோட்டார் சைக்கிள் பட்டறைக்கும் தொழிற்பயிற்சிப் பள்ளிக்கும் அந்தப் பிள்ளை வெறுங்கையோடு போகாது. மகன் மட்டும் அல்ல, மகளும்தான்.

விலை உயர்ந்த கார் வாங்கித் தரச் சொல்லவில்லை. ஓடாத கடிகாரமோ, பேட்டரியில் ஓடிய பழைய பொம்மையோ, பேசாத டிரான்சிஸ்டரோ வீட்டில் இருந்தால், பேட்டரியை எடுத்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு ஸ்குரூ டிரைவரும் ஒரு முட்டை அட்டையும் சேர்த்துக் கொடுங்கள். சுவரில் செருகும் மின்சாரப் பொருள்களையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் மட்டும் தொடவிடாதீர்கள். அவற்றில் உயிருக்கு ஆபத்து உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சில பாகங்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

பிள்ளை கழற்றியதை மாட்டத் தெரியாமல் விழித்தால், கை ஓங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ‘எந்தத் திருகாணி கடைசியாக வந்தது?’ என்று கேளுங்கள்.